மழை நின்ற பிறகும் விமானம் ஏன் இறங்கவில்லை? விமான வானிலைத் தகவல் குறித்த ஓர் எளிய விளக்கம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், சென்னையில் ஊருக்குக் கிளம்பும் ஒருவர் இருக்கும் வீட்டில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: "இப்படிக் கொட்டுகிறதே, விமானம் போகுமா?" கேட்பவரின் கவலை நியாயமானது, ஆனால் மழைதான் விமானத்தின் எதிரி என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஜெட் இன்ஜின்கள் பெருமழையை உள்வாங்கிய நிலையிலும் அணையாமல் இயங்குகின்றனவா என்று சோதித்த பிறகே அவற்றுக்கு அனுமதி கிடைக்கிறது. விமானியை உண்மையில் யோசிக்க வைப்பவை வேறு. காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகமாக வீசுகிறது, அடுத்த சில விநாடிகளில் அது மாறிவிடுமா, ஓடுபாதை எவ்வளவு தொலைவு வரை கண்ணுக்குத் தெரிகிறது, அதில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்பவையே அவர் முன் நிற்கும் கேள்விகள்.

தொலைக்காட்சியில் வரும் வானிலை அறிக்கை ஒரு மாவட்டத்துக்கு ஒரு நாளைக்குப் பேசுகிறது. குடை எடுத்துச் செல்வதா, பள்ளிக்கு விடுமுறை விடுவதா என்று முடிவெடுக்க அது போதும். விமானிக்கு வேண்டியது சில கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் இடத்தைப் பற்றி, அடுத்த சில நிமிடங்களுக்கான செய்தி. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதிலிருந்தே குழப்பங்களில் பாதி பிறக்கின்றன.

நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும்

கோடை வந்தால் செய்திகளில் இந்த இரண்டு பெயர்களும் சேர்ந்தே வரும். பல நாட்களில் மீனம்பாக்கத்தில் வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகப் பதிவாகும். கடற்காற்று நுங்கம்பாக்கத்தைத் தொட்ட பிறகே சற்று உள்ளடங்கிய மீனம்பாக்கத்தை எட்டுவது அதற்கு முக்கியமான காரணம். ஆனால் மீனம்பாக்கத்தில் ஏன் ஒரு வானிலை நிலையம் இருக்கிறது என்று பெரும்பாலோர் கேட்பதில்லை. அது சென்னை விமான நிலையத்தில் விமானங்களுக்காக அமைந்த நிலையம். 1875-இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறைதான் நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்துக்கான வானிலைச் சேவையையும் அளிக்கிறது. நாம் வெயிலின் கொடுமையைப் பேசப் பயன்படுத்தும் அந்த எண், புறப்படும் விமானம் எவ்வளவு எடையைச் சுமக்கலாம் என்று கணக்கிடவும் பயன்படுகிறது. காற்று சூடானால் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கையின் தூக்குவிசையும் இன்ஜினின் உந்துவிசையும் குறையும்.

கடற்கரையில் சும்மா நிற்பவரின் வேகம்

மாலையில் மெரினாவில் கடலைப் பார்த்து அசையாமல் நில்லுங்கள். நீங்கள் நகரவில்லை, ஆனாலும் முகத்தில் காற்று மோதுகிறது, சட்டை படபடக்கிறது. தரையைப் பொறுத்தவரை உங்கள் வேகம் சுழியம். காற்றைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரு வேகம் இருக்கிறது. இந்த இரண்டாவது வேகத்தைக் காற்றுவேகம் என்போம். இறக்கைக்குத் தெரிந்த ஒரே வேகம் இதுதான். விமானம் தரையின்மீது எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பது இறக்கைக்கு ஒரு பொருட்டே அல்ல.

எதிர்காற்றில் இறங்கும் விமானத்துக்குக் காற்றே ஒரு பகுதி வேகத்தைத் தந்துவிடுவதால், தரையை அது மெதுவாகத் தொடுகிறது; குறைந்த தொலைவில் நின்றும் விடுகிறது. பின்காற்றில் இது தலைகீழாகும். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழையில் நனைந்த மேட்டு ஓடுபாதையைத் தாண்டி ஒரு விமானம் பள்ளத்தில் விழுந்து 21 பேர் இறந்த விபத்தில், பின்காற்றோடு இறங்கியதும் ஓடுபாதையில் வெகுதூரம் தள்ளித் தரையைத் தொட்டதும் பேசப்பட்ட காரணங்களில் அடங்கும்.

இந்தப் பாடத்தைச் சென்னையில் கண்ணாலேயே பார்க்கலாம். கோடையில் ஒருநாள் முற்பகலில் பரங்கிமலை உச்சிக்குப் போய், தேவாலய வளாகத்தின் சுவர் ஓரமாக நின்றேன். மேற்கிலிருந்து அனல்காற்று வீசிக்கொண்டிருந்தது. விமானங்கள் கடற்பக்கமிருந்து ஆலந்தூரைக் கடந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பிற்பகலில் சட்டைக் காலரில் ஈரக்காற்று பட்டது, கடற்காற்று வந்துவிட்டது. சற்று நேரம் வானம் காலியாக இருந்தது. பிறகு, இம்முறை ஓடுபாதைப் பக்கமிருந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒரு விமானம் கடலை நோக்கி ஏறி வந்தது. அதன் பிறகு இறங்கியவை எல்லாம் மறுகோடியான அனகாபுத்தூர்ப் பக்கமிருந்து வந்தன. முழு விமான நிலையமும் தன் திசையைத் திருப்பிக்கொண்டிருந்தது.

ஓடுபாதையின் பெயரிலேயே திசை இருக்கிறது. சென்னையின் முதன்மை ஓடுபாதை ஒரு முனையில் 07, மறுமுனையில் 25. வடக்கைச் சுழியமாகக் கொண்டு வலஞ்சுழியாக எண்ணினால் 70 டிகிரி, 250 டிகிரி. கடைசிச் சுழியத்தை எடுத்துவிட்டால் 07, 25.

அரை மணிக்கு ஒரு தந்தி

விமான நிலையத்தின் அப்போதைய வானிலையை உலகம் முழுவதும் ஒரே வடிவில் சொல்லும் குறுஞ்செய்திக்கு மெட்டார் என்று பெயர். பெரிய நிலையங்களில் இது அரை மணிக்கு ஒருமுறை வெளியாகும். இடையில் நிலைமை மோசமானால் சிறப்புச் செய்தி தனியே வரும். சென்னைக்கான ஒரு மாதிரியைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும்: "வி.ஓ.எம்.எம். 041000 இசட், 09012 கே.டி., 4000 எச்.இசட்., எஸ்.சி.டி. 020, 32/25, கியூ 1006, நோசிக்."

பார்த்தால் மிரட்டும், பிரித்தால் எளிது. முதலில் வருவது சென்னை விமான நிலையத்தின் குறியீடு. 04 என்பது தேதி. 1000 என்பது உலகப் பொது நேரம் பத்து மணி, அதாவது நம் நேரம் பிற்பகல் 3.30. 090 டிகிரியிலிருந்து, அதாவது கிழக்கிலிருந்து, 12 நாட் வேகத்தில் காற்று வீசுகிறது. நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆகவே இது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வேகம். மங்கலான வானில் 4,000 மீட்டர் வரை பார்க்க முடிகிறது. 2,000 அடி உயரத்தில் சிதறிய மேகங்கள் உள்ளன. வெப்பநிலை 32; பனிநிலை வெப்பம், அதாவது காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 25. கடல்மட்ட அளவுக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம் 1006 ஹெக்டோபாஸ்கல். அடுத்த இரண்டு மணி நேரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இராது.

இதில் அழுத்த எண்ணை நாம் கவனிக்கவே மாட்டோம். விமானி அதைத்தான் இருமுறை சரிபார்ப்பார். விமானத்தின் உயரமானி உண்மையில் ஓர் அழுத்தமானி. தரைக்கு அருகில் ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் ஏறத்தாழ எட்டு மீட்டர் உயரத்துக்குச் சமம். புயல் நெருங்கி அழுத்தம் 1006-இலிருந்து 996-க்கு இறங்கிவிட்ட நிலையில், விமானி பழைய எண்ணையே வைத்திருந்தால், அவர் இருக்கும் உயரத்தைவிடச் சுமார் 80 மீட்டர் அதிகமாக உயரமானி காட்டும். இருபது மாடிக் கட்டடத்தைவிட அதிகமான பிழை அது.

இதுவரை சொன்னதன் சாரம்: இறக்கைக்குக் காற்றுவேகமே முக்கியம், அதனால் விமானங்கள் எதிர்காற்றில் இறங்கும், எதிர்காற்றில் ஏறும். அந்தக் காற்றையும் பிற அளவுகளையும் அரை மணிக்கொருமுறை சொல்வது மெட்டார். ஆனால் அரை மணி என்பது சில ஆபத்துகளுக்கு மிக நீண்ட காலம்.

பக்கவாட்டுக் காற்றும் ஒரு காணொளியும்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை நெருங்கிக்கொண்டிருந்தபோது, சென்னையில் தரையைத் தொடும் தறுவாயில் ஆடி அசைந்த ஒரு விமானம் மீண்டும் மேலெழும்பிப் பறந்த காணொளி கைப்பேசிகளில் சுற்றியது. "மயிரிழையில் தப்பியது" என்றே பெரும்பாலோர் பகிர்ந்தார்கள். அந்தச் செயலுக்கு கோ-அரவுண்ட் என்று பெயர். இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறி மறுபடி சுற்றி வருவது. ஒவ்வொரு விமானியும் இதைத் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்கிறார். ஒவ்வொரு இறக்கத்தின்போதும் இதற்குத் தயாராகவே வருகிறார். முறை வேலை செய்ததற்கான அடையாளம் அது.

அடையாற்றில் திரு.வி.க. பாலத்தின்மேல் மழைநாளில் இருசக்கர வண்டி ஓட்டியவர்களுக்குப் பக்கக்காற்று என்ன செய்யும் என்று தெரியும். கட்டடங்கள் மறைத்திருந்த காற்று பாலத்தில் ஏறியதும் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். நாம் அறியாமலே எதிர்ப்பக்கம் சாய்ந்து சமாளிப்போம். விமானமும் மூக்கைக் காற்றின் பக்கம் சற்றுத் திருப்பியபடியே வந்து, தரையைத் தொடும் கணத்தில் நேராகிறது. நேர் வடக்கிலிருந்து 30 நாட் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். 07 ஓடுபாதையில் இறங்கும் விமானத்துக்கு அதில் 10 நாட் மட்டுமே எதிர்காற்றாக உதவும். 28 நாட் பக்கவாட்டில் தள்ளும். ஒவ்வொரு விமான வகைக்கும் இதற்கு ஓர் எல்லை உண்டு. ஓடுபாதை நனைந்திருந்தால் அந்த எல்லை இன்னும் குறையும்.

குடத்துத் தண்ணீரைக் கொட்டினால்

இப்போது சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் மையம். மொட்டைமாடித் தளத்தில் ஒரு குடம் தண்ணீரைச் செங்குத்தாகக் கொட்டிப் பாருங்கள். தளத்தில் மோதிய தண்ணீர் நான்கு பக்கமும் சிதறி ஓடும். இடியுடன்கூடிய மழைமேகத்தின் அடியில் காற்றும் சில வேளைகளில் இப்படியே கொட்டுகிறது. பெய்யும் மழையின் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே விழுகிறது. துளிகளும் அதைத் தங்களோடு இழுத்து வருகின்றன. தரையில் மோதியதும் அது எல்லாத் திசையிலும் பாய்கிறது. நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கி, சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும் இந்தக் கீழ்நோக்கிய காற்றுக்கொட்டலுக்கு மைக்ரோபர்ஸ்ட் என்று பெயர். குறுகிய தொலைவுக்குள் காற்றின் வேகமோ திசையோ சட்டென மாறுவதைப் பொதுவாக விண்ட் ஷியர் என்பார்கள்; மைக்ரோபர்ஸ்ட் அதன் மிகக் கொடிய வடிவம்.

இதற்குள் ஒரு விமானம் நுழைந்தால் என்ன ஆகும்? அது 140 நாட் காற்றுவேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. முதலில், வெளிநோக்கிப் பாயும் காற்று எதிரே வந்து மோதுகிறது. 20 நாட் எதிர்காற்று கிடைத்ததும் காற்றுவேகம் கூடி, விமானம் தன் பாதையைவிட மேலே எழும்புகிறது. விமானி இயல்பாக இன்ஜின் விசையைக் குறைப்பார். பொறி இங்கேதான் இருக்கிறது. அடுத்த விநாடிகளில் நடுப்பகுதியின் கீழ்க்காற்று விமானத்தை அழுத்துகிறது. மறுபுறம் வந்ததும் எதிர்காற்று மறைந்து, 20 நாட் பின்காற்றாகிறது. இருபதும் இருபதும் சேர்ந்து 40 நாட் காற்றுவேகம் போய்விட்டது. 60 டன் எடையுள்ள ஒரு பொருள் அதை உடனே ஈடுகட்டிக்கொள்ள முடியாது. விசை குறைக்கப்பட்ட ஜெட் இன்ஜின் மீண்டும் முழு விசைக்கு வரவே பல விநாடிகள் ஆகும். கீழே சில நூறு அடிதான் மிச்சம்.

இதை உலகம் கற்றது உயிர்களைக் கொடுத்துத்தான். 1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கில் இறங்கவிருந்த விமானம் விழுந்து 113 பேர் இறந்தனர். அந்த விபத்தை ஆராய்ந்த ஜப்பானிய அமெரிக்க அறிஞர் டெட்சுயா ஃபுஜிட்டா, மேகத்திலிருந்து காற்று இப்படிக் கொட்டுகிறது என்று வாதிட்டபோது பலரும் ஏற்கவில்லை. அதன் பிறகு ஓடுபாதையைச் சுற்றிக் காற்றுமானிகளை நட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு எச்சரிக்கும் முறை வந்தது. 1985 ஆகஸ்ட் 2 அன்று டாலஸில் இன்னொரு விமானம் விழுந்து 137 பேர் மாண்டனர். அங்கே காற்றுமானிகள் இருந்தன. ஆனால் மைக்ரோபர்ஸ்ட் அவற்றின் வட்டத்துக்கு வெளியே விழுந்தது. எச்சரிக்கை வந்தபோது விபத்து நடந்து முடிந்திருந்தது. கருவி இருப்பது வேறு, சரியான இடத்தில் சரியான நேரத்தில் இருப்பது வேறு என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று எனக்குத் தெரியாது.

காற்றை எப்படிப் பார்ப்பது?

டாப்ளர் ரேடார் என்ற சொல் சென்னைவாசிகளுக்குப் பழகிப்போனது. புயல் வந்தால் அதன் வண்ணப்படத்தை எல்லோரும் பகிர்கிறோம். ஆனால் நாம் பார்ப்பது அதன் பாதி வேலையை மட்டுமே. ரேடார் ரேடியோ அலையை அனுப்பி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கிறது. எதிரொலி வலுவாக இருந்தால் கனமழை, படத்தில் சிவப்பு.

டாப்ளர் என்பது மறுபாதி. திரிசூலம் நடைமேடையில் நிற்கும்போது நிற்காமல் செல்லும் விரைவு ரயில் ஊதிக்கொண்டே வந்தால், நெருங்கும்வரை ஒலி கூர்மையாகவும், கடந்ததும் சட்டெனத் தடித்தும் கேட்கும். வரும் பொருளின் அலைகள் நெருக்கமாகின்றன. விலகும் பொருளின் அலைகள் அகல்கின்றன. மழைத்துளி தன்னை நோக்கி வருகிறதா, விலகுகிறதா, எவ்வளவு வேகத்தில் என்று ரேடார் இதே முறையில் கணக்கிடுகிறது. துளியைச் சுமப்பது காற்று என்பதால், துளியின் வேகம் காற்றின் வேகமாகிறது. மைக்ரோபர்ஸ்ட் ஒன்று விழுந்தால், படத்தில் ரேடாரை நோக்கி வரும் காற்றும் விலகிப் போகும் காற்றும் இரு வண்ணங்களில் ஒட்டி நிற்கும். பழகிய கண் அதை உடனே அடையாளம் காணும்.

சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002 முதல் இயங்கும் எஸ்-பேண்ட் ரேடாரின் அலைநீளம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். புயலைத் தொலைவிலிருந்தே பார்க்க உகந்தது. பள்ளிக்கரணையில் உள்ள எக்ஸ்-பேண்ட் ரேடாரின் அலைநீளம் சுமார் 3 சென்டிமீட்டர். அது அருகிலுள்ளதை நுணுக்கமாகக் காட்டும். ஆனால் கனமழையின் ஊடே அதன் அலை வலுவிழந்துவிடும். விமானத்தின் மூக்கில் இருக்கும் ரேடாரும் எக்ஸ்-பேண்ட்தான். முன்னால் ஒரு பெருமழை மேகம் இருந்தால், அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லாதது போலத் திரை காட்டக்கூடும். அந்த வெற்றிடத்தை நம்பிப் போகக் கூடாது என்பது விமானிகளுக்குச் சொல்லித்தரப்படும் பாடங்களில் ஒன்று.

பெரிய ரேடார் ஒருமுறை கீழிருந்து மேல்வரை வானத்தைத் துழாவி முடிக்கப் பத்து நிமிடம் போல ஆகும். மைக்ரோபர்ஸ்டின் ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே அமெரிக்காவில் 1990-களில் 40-க்கும் மேற்பட்ட விமான நிலையங்களுக்கு அருகே, தரையை ஒட்டிய காற்றை நிமிடத்துக்கொருமுறை பார்க்கும் தனி ரேடார்களை நிறுவினார்கள். விமானத்தின் மூக்கு ரேடாருக்கும் டாப்ளர் திறன் வந்தது. "விண்ட் ஷியர் அஹெட்" என்று அது குரல் கொடுத்தால், ஆபத்துக்குள் நுழைவதற்குச் சில பத்து விநாடிகள் முன்னதாகவே விமானி மேலெழும்பிவிடலாம். மழையே இல்லாத வறண்ட காற்றில் ரேடாருக்குப் பிடிமானம் இல்லை. அங்கே தூசியில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியைக் கொண்டு காற்றை அளக்கும் லைடார் உதவுகிறது. மலைகளால் காற்று கலங்கும் ஹாங்காங் விமான நிலையத்தில் 2002-இலேயே அது பணிக்கு வந்துவிட்டது.

சுருக்கமாக, மெட்டார் நடந்ததைச் சொல்கிறது. காற்றுமானி தான் நிற்கும் இடத்தில் நடப்பதைச் சொல்கிறது. டாப்ளர் ரேடாரும் லைடாரும் மட்டுமே வரவிருப்பதைத் தொலைவிலிருந்து காட்டுகின்றன.

போகிப் புகை

மழையும் புயலும் இல்லாமலே சென்னை விமான நிலையம் திணறும் நாள் போகி. ஜனவரி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். பாத்திரத்தின்மேல் மூடி வைத்தது போல, எரிந்த பழம்பொருட்களின் புகை மேலேறிக் கலைய முடியாமல் பனியோடு சேர்ந்து தங்கிவிடும். 2018-ஆம் ஆண்டுப் போகியன்று விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின. அக்கம்பக்கத்தினர் எரிக்க வேண்டாம் என்று விமான நிலையம் வேண்டுகோள் விடுப்பது வழக்கமாகிவிட்டது.

இங்கே முக்கியமான அளவு ஆர்.வி.ஆர். எனப்படும் ஓடுபாதைக் காட்சித் தொலைவு: ஓடுபாதையின் நடுக்கோட்டில் இருக்கும் விமானிக்கு அதன் குறிகளோ விளக்குகளோ எவ்வளவு தூரம் தெரியும் என்பது. ஓடுபாதை ஓரத்தில் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்கு ஒளியை அனுப்பி, வழியில் எவ்வளவு மங்கியது என்று பார்த்து அதைக் கணக்கிடுகிறார்கள். பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய "திருஷ்டி" என்ற இந்தியக் கருவி இந்த வேலையைச் செய்கிறது. விமானத்தை ரேடியோக் கற்றையால் வழிநடத்தும் ஐ.எல்.எஸ். அமைப்பின் முதல் நிலையில், இறங்க 550 மீட்டர் ஆர்.வி.ஆர். வேண்டும்; மிக உயர்ந்த நிலைகளில் 50 மீட்டர் வரைகூடப் போதும். அதற்கு ஓடுபாதை விளக்குகள், விமானம், விமானியின் பயிற்சி ஆகிய மூன்றுமே அந்த நிலைக்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும்.

கட்டத்துக்குள் ஓர் ஓடுபாதை

கணினி முன்னறிவிப்பு இவ்வளவு வளர்ந்த பிறகும் ஏன் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்ல முடியவில்லை என்ற கேள்வி வரும். 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பு, வானத்தை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் சென்னையின் முதன்மை ஓடுபாதை சுமார் 3.6 கிலோமீட்டர்தான். முழு ஓடுபாதையும், அதன்மேல் விழக்கூடிய மைக்ரோபர்ஸ்ட்டும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். இடிமழைக்குச் சூழல் கனிந்திருக்கிறது என்று கணினி மணிக்கணக்கில் முன்னரே சொல்லும். எந்த முனையில் எத்தனை மணிக்கு என்று சொல்வது ரேடாரின் வேலையாகவே இருக்கிறது.

அந்த "சூழல் கனிந்திருக்கிறது" என்ற செய்திக்கும் பெரிய மதிப்பு உண்டு. விமான நிலையத்துக்கான முன்னறிவிப்பை டாஃப் என்பார்கள். பெரிய நிலையங்களுக்கு 30 மணி நேரம் வரை வெளியாகும். வழியிலுள்ள கடும் இடிமழை, கொந்தளிப்பு, எரிமலைச் சாம்பல் போன்றவற்றுக்கான எச்சரிக்கை சிக்மெட். இந்தியாவில் அதை வெளியிடும் நான்கு மையங்களில் சென்னையும் ஒன்று. மும்பையிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் விமானி, இறங்கும் நேரத்தில் சென்னையில் இடிமழை வரலாம் என்று டாஃப் சொன்னால், கூடுதல் எரிபொருளை அங்கேயே ஏற்றிக்கொள்கிறார்: இவ்வளவு நேரம் வானில் வட்டமிட, அதன் பிறகு பெங்களூருக்கோ திருச்சிக்கோ போய் இறங்க. எப்போது வட்டமிடுவதை நிறுத்தித் திரும்ப வேண்டும் என்பதும் அந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

ஆகவே, வருகைக்கூடத்தின் கண்ணாடிக்கு வெளியே நின்றபடி, "இங்கே ஒரு சொட்டு மழை இல்லை, நீங்கள் ஏன் பெங்களூருக்குப் போனீர்கள்?" என்று உறவினர் கைப்பேசியில் கேட்கும்போது, இரு தரப்பும் பார்ப்பது வேறு வேறு நேரத்து வானத்தை. மேகம் மீனம்பாக்கத்தைக் கடக்க இருபது நிமிடம் ஆயிற்று, வட்டமிட வைத்திருந்த எரிபொருள் அதற்குப் பத்து நிமிடம் முன்பே தீர்ந்திருந்தது, மிச்சமிருந்தது பெங்களூருக்கானது.